பழைய பிக்கப் வண்டிக்குப் புதிய பின் வில்லமைப்பு

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1947-ஆம் ஆண்டின் நடுவில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஷெவர்லே நிறுவனத்தார் புதிய தோற்றமுடைய அரை டன் பிக்கப் வண்டி ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தனர். 3100 என்ற தொடர் எண்ணுடைய அவ்வண்டி 1955-ஆம் ஆண்டின் முற்பகுதி வரையில் உற்பத்தி செய்யப்பட்டது. உருண்டையான முகப்பும், மரப்பலகை பாவிய சாமான் தட்டும் உடைய இவ்வண்டி, பண்ணையிலிருந்து சந்தைக்குத் தானியமும் காய்கறியும் சுமப்பதற்கென்றே அமைக்கப்பட்டது. இன்று எஞ்சியுள்ள வண்டிகளுள் பெரும்பாலானவை சுமை ஏற்றுவதில்லை. உரிமையாளர் அவற்றை அன்போடு புதுப்பித்து, விடுமுறை நாட்களில் ஓட்டிச் செல்கின்றனர். அவ்வாறு ஓட்டுவோர் முதன்முதலாகக் கூறும் குறை ஒன்றே: பின்பக்கம் தூக்கிப் போடுகிறது. வெறும் தட்டுடன் செல்லுகையில் சாலையின் சிறு மேட்டிலும் பின் சக்கரங்கள் துள்ளுகின்றன. வளைவில் மேடு குறுக்கிட்டால் வண்டியின் பின்பாகம் ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்துவிட்டதோ என்ற ஐயம் ஓட்டுபவருக்கு எழுகிறது.

இது அமைத்தவர்களின் பிழையன்று. அரை டன் சுமையைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்ட வில்லின்மீது சுமையே இல்லாவிடில் அது வேறெவ்வாறு நடந்துகொள்ளும்? ஆகவே பலர் பழைய பட்டைவில்லைக் கழற்றிவிட்டு, சுருள்வில்லையோ காற்றுவில்லையோ கொண்ட புதிய அமைப்பொன்றைத் தாமே அமைத்துக்கொள்ள முற்படுகின்றனர். வில்லை மாற்றுவது எளிய வேலை. அவ்வில் ஓசையின்றிச் செய்துவந்த மற்ற வேலைகளை எதனிடம் ஒப்படைப்பது என்பதே கடினமான பகுதி. அதனைச் சிந்தியாமல் அமைத்த வண்டியும் சில மாதங்கள் நன்றாகவே ஓடும். பின்னர் ஒரு நாள், விரைவாகச் செல்லும்போது, பற்றவைத்த ஏதேனும் ஒரு கொளுவி பெயர்ந்து அச்சு ஒருபுறம் திரும்பிவிடும். அப்போது அபாயத்திற்குள்ளாவோர் அவ்வண்டியில் இருப்போர் மட்டுமல்லர்.

பட்டைவில் செய்யும் வேலைகள்

பட்டறைகளில் சுருக்கமாகப் ‘பட்டை’ என்று வழங்கும் பட்டைவில், குதிரை வண்டிக் காலத்திலிருந்து வந்தது. லண்டன் நகரத்து வண்டித் தச்சரான ஒபடையா எலியட் என்பவர் 1804-ஆம் ஆண்டில் நீள்வட்ட வடிவான பட்டைவில்லுக்குக் காப்புரிமை பெற்றார். மோட்டார் வண்டி தோன்றியபோது இவ்வில் அப்படியே எடுத்தாளப்பட்டது. அது நிலைத்து நின்றதற்குக் காரணம் அதன் மலிவு மட்டுமன்று. ஒரே பொருள் பல பொருள்களின் வேலையைச் செய்ததே ஆகும்.

வண்டியின் பாரத்தைத் தாங்குவது அதன் முதல் வேலை. பின் அச்சு முன்னும் பின்னும் நகராமலும், இடமும் வலமும் விலகாமலும் நிறுத்துவது இரண்டாவது வேலை. பட்டைகள் ஒன்றன்மேலொன்று உராய்வதால் அதிர்வு ஓரளவு தணிகிறது; இது மூன்றாவது. நான்காவது வேலையைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். எஞ்சின் சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும்பொழுது, சக்கரத்தைத் தாங்கும் அச்சுக்கூடு அதற்கு எதிர்த்திசையில் சுழல முயலும். அதாவது, டிபரன்ஷியலின் மூக்குப் பகுதி மேல்நோக்கி எழும்பப் பார்க்கும். பிரேக்கை அழுத்தும்போது இதே விசை தலைகீழாக, மூக்கைக் கீழே அழுத்தும். திறந்த உந்துதண்டுடைய வண்டிகளில் இந்த முறுக்கத்தைப் பட்டைவில்லே தாங்குகிறது. அளவுக்கு மிஞ்சினால் வில் ஆங்கில எழுத்து ‘எஸ்’ போல நெளியும். நெளிந்து விடுபடும்போது சக்கரம் தரையில் தட்டித் தட்டிக் குதிக்கும்.

இங்கே 3100 தொடர் வண்டிக்கு உரிய ஒரு விசேஷத்தை மறந்துவிடலாகாது. 1954-ஆம் ஆண்டு வரை வந்த இவ்வகை அரை டன் வண்டிகளில் உந்துதண்டு திறந்ததாக இல்லை. ஒரு தடித்த குழாய்க்குள் அது சுழன்றது; குழாயின் பின்முனை அச்சுக்கூட்டோடு இறுகப் பிணைந்திருந்தது; முன்முனை கியர் பெட்டியின் பின்னால் ஒரு பந்து மூட்டில் அமர்ந்திருந்தது. அச்சின் முறுக்கத்தைத் தாங்கியது இக்குழாயே; பட்டைவில் அன்று. பழைய எஞ்சினையும் கியர் பெட்டியையும் மாற்றும் உரிமையாளர், பெரும்பாலும் இக்குழாயையும் நீக்கிவிட்டுத் திறந்த உந்துதண்டையும் வேறு வண்டியின் அச்சையும் பொருத்துகிறார். அக்கணமே அம்முறுக்கம் முழுதும் பட்டைவில்லின்மேல் விழுகிறது. ஆகவே இவ்வண்டியைப் பொறுத்தமட்டில், புதிய பின் அமைப்பு என்பது ஆடம்பரம் அன்று; எஞ்சினை மாற்றியதன் இயல்பான விளைவு என்றே கொள்ளத்தகும்.

எவ்வளவு சுமை?

அமைப்பவர் முதலில் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, ‘இவ்வண்டி இனி எதைச் சுமக்கப் போகிறது?’ என்பதாகும். இதற்கு உண்மையான விடை கூறாதவர் பிறகு எந்த வில்லை வாங்கினாலும் திருப்தியடையார்.

வில்லின்மேல் நிற்கும் பாரம் அவ்வில்லை எவ்வளவு அமுக்குகிறது என்பதிலிருந்தே வண்டி நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்று கணக்கிட்டுவிடலாம். அமுக்கத்தை மில்லிமீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தால் 15.8 என்ற எண்ணை வகுத்தால் விடை கிடைக்கும். 250 மி.மீ. அமுங்கிய வில் நொடிக்கு ஏறத்தாழ ஒரு முறை ஆடும். இது சொகுசுக் காரின் மெதுவான அசைவு. 50 மி.மீ. மட்டுமே அமுங்கிய வில் இரண்டு முறைக்கு மேல் ஆடும். இதனையே நாம் ‘தூக்கிப் போடுகிறது’ என்கிறோம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வெறும் வண்டியின் பின் சக்கரங்கள் தாங்கும் எடை 600 கிலோகிராம் எனவும், அதில் அச்சும் சக்கரமும் 160 கிலோகிராம் எனவும் வைத்துக்கொண்டால், இரு வில்களும் சுமப்பது 440. ஒவ்வொன்றும் சுமப்பது 220. வில்லின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 4 கிலோகிராம் ஆயின் அமுக்கம் 55 மி.மீ.; ஆட்டம் நிமிஷத்திற்கு ஏறக்குறைய 127. பின் அச்சின்மேல் 400 கிலோகிராம் சாமான் ஏற்றினால் ஒவ்வொரு வில்லின்மீதும் 420 கிலோகிராம் வரும். வண்டி 50 மி.மீ. இறங்கும், ஆட்டம் நிமிஷத்திற்கு 92-ஆகக் குறைந்து, பிரயாணம் இதமாகும். சுமையேற்றிய பிக்கப் வண்டி வெறும் வண்டியைவிட மிருதுவாக ஓடுவதன் இரகசியம் இதுவே.

அந்த இதத்தை வெறும் வண்டியிலேயே பெற விரும்பி, விறைப்பைப் பாதியாகக் குறைத்து மில்லிமீட்டருக்கு 2 கிலோகிராம் ஆக்குவோம். ஆட்டம் நிமிஷத்திற்கு 90, உரிமையாளர் மகிழ்வார். ஆனால் அதே 400 கிலோகிராம் சாமானை ஏற்றியதும் வண்டி 100 மி.மீ. இறங்கிவிடும். தோற்றத்திற்காக ஏற்கெனவே தாழ்த்தப்பட்ட வண்டியில் அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே அத்தனை இடைவெளி மிஞ்சியிருப்பதே அரிது. முதற் குழியிலேயே இரும்பும் இரும்பும் மோதும். வண்டியின் முகத்தைப் பார்ப்பவர் யாவரும் அதை அரை டன் வண்டியென்றே கருதுவர். நண்பர் ஒருவர் சிமெண்டு மூட்டை ஏற்றக் கேட்பார். நாளை வண்டியை விலைக்கு வாங்குபவரும் அவ்வாறே எண்ணுவார். ஆதலால் மிருதுவான வில்லைப் பொருத்துபவர், வண்டி ஏற்கக்கூடிய புதிய சுமை அளவைக் கதவின் உட்புறத்திலேயே எழுதி வைப்பது நல்லது.

இவ்விக்கட்டிலிருந்து தப்ப வழியுண்டு, அது காற்றுவில். ரப்பர் பைக்குள் அடைத்த காற்றின் அழுத்தத்தைச் சுமைக்கேற்பக் கூட்டி, வண்டியின் உயரத்தை மாறாமல் வைக்கலாம். அழுத்தம் கூடும்போது விறைப்பும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடுவதால் ஆட்டத்தின் வேகம் அதிகம் மாறுவதில்லை. 1954-ஆம் ஆண்டில் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடத் தொடங்கிய கிரேஹவுண்டு ஸீனிக்ரூஸர் பஸ்களில் இம்முறை கையாளப்பட்டது. இன்று பஸ்களிலும் கனரக வண்டிகளிலும் அது பரவலாக உள்ளது. காற்றழுத்தியும், தொட்டியும், வால்வுகளும், குழாய்களும் வேண்டும். எங்கேனும் கசிந்தால் வண்டி படுத்துவிடும். ஆகவே காற்று முழுதும் வெளியேறினாலும் வண்டியைத் தாங்கத்தக்க ரப்பர் முட்டுக்கட்டை கட்டாயம் இருத்தல் வேண்டும்.

நான்கு தண்டுகளின் அமைப்பு

சுருள்வில்லாயினும் காற்றுவில்லாயினும் பாரத்தை மட்டுமே தாங்கும். அச்சை நிறுத்தி வைக்கத் தனியே தண்டுகள் வேண்டும். மிகுதியாகக் கையாளப்படுவது நான்கு தண்டு அமைப்பு. அச்சின் ஒவ்வொரு புறத்திலும் மேலே ஒன்று, கீழே ஒன்றாகத் தண்டுகள் முன்னோக்கிச் சென்று சட்டத்தில் ரப்பர் புஷ்களால் இணைகின்றன.

இத்தண்டுகளில் எத்தனை விசை செல்லுகிறது என்பதை அறியாமல் இரும்பு வாங்கச் செல்லலாகாது. மேற்கூறிய வெறும் வண்டியையே கொள்வோம். டயருக்கும் சாலைக்கும் உள்ள உராய்வுக் கெழு 0.8 ஆயின், பின் சக்கரங்கள் தரையைத் தள்ளக்கூடிய அதிகபட்ச விசை 480 கிலோகிராம். கீழ்த்தண்டுகள் அச்சோடு சேருமிடம் தரையிலிருந்து 250 மி.மீ. உயரத்திலும், மேல்தண்டுகள் அதற்கு மேல் 180 மி.மீ. உயரத்திலும் உள்ளன என்க. கீழ்முனையைச் சுற்றி முறுக்கங்களைச் சமப்படுத்தினால், மேல்தண்டுகள் இரண்டிலும் சேர்ந்து 667 கிலோகிராம் இழுவிசையும், கீழ்த்தண்டுகளில் 1,147 கிலோகிராம் அமுக்கவிசையும் செல்லுவது தெரிகிறது. சாலையில் கிடைக்கும் உந்துவிசையைப்போல் இரண்டரை மடங்கு கீழ்த்தண்டுகளில் பாய்கிறது! இட நெருக்கடிக்காக மேல்தண்டை 100 மி.மீ. உயரத்திலேயே பொருத்திவிட்டாலோ, மேலே 1,200 ஆகவும் கீழே 1,680 ஆகவும் விசைகள் ஏறிவிடுகின்றன. தண்டுகளுக்கிடையே உள்ள உயரம் குறையக் குறையக் கொளுவிகள் படும் பாடு கடுமையாகிறது. பிரேக்கு போடும்போது விசைகளின் திசை மாறி, மேல்தண்டு அமுக்கத்திற்கும் கீழ்த்தண்டு இழுப்பிற்கும் உள்ளாகும். குழியில் விழும்போது வரும் அதிர்ச்சி இவற்றைவிடப் பல மடங்கு. எனவே கணக்கிட்ட விசையைப்போல் பன்மடங்கு தாங்கும் தடிப்புள்ள குழாயும், போல்ட்டின் இரு புறமும் தகடு அமைந்த கொளுவியும் பயன்படுத்தப்பட வேண்டும். ஒரே தகட்டிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டு நம்பத்தக்கதன்று.

கீழ்த்தண்டின் சாய்வையும் கவனிக்க வேண்டும். வண்டி வளைவில் சாயும்போது வெளிப்புறச் சக்கரம் மேலும், உட்புறச் சக்கரம் கீழும் செல்லும். தண்டின் முன்முனை உயர்ந்தும் பின்முனை தாழ்ந்தும் இருந்தால், வெளிப்புறச் சக்கரம் மேலேறும்போது பின்னோக்கி நகர்ந்து, அச்சு முழுதும் வளைவுக்கு வெளியே திரும்பிவிடும். ஓட்டுபவர் ஸ்டியரிங்கைத் தொடாமலே வண்டி அதிகமாகத் திரும்புவதுபோலத் தோன்றும், இது அபாயகரமானது. தண்டு கிடையாகவோ, முன்முனை சற்றுத் தாழ்ந்தோ இருப்பதே தக்கது. வண்டியைத் தாழ்த்துவதற்குப் பதில் உயர்த்தியவர்கள் இவ்வகைத் துன்பத்திற்கு ஆளாவது வழக்கம்.

நான்கு தண்டுகளும் இணையாக இருந்தால் அச்சு இடமும் வலமும் விலகுவதை எதுவும் தடுக்காது. மேல்தண்டுகளை மேலிருந்து நோக்குகையில் ‘வி’ வடிவில் நன்கு சாய்த்து அமைத்தால் அவையே பக்கவாட்டு விசையையும் ஏற்கும். ஆனால் புகைக்குழாய், இடம் மாற்றிய பெட்ரோல் தொட்டி ஆகியவை அவ்விடத்தை முன்பே பிடித்திருக்கும். ஆதலால் பலர் பான்ஹார்டு தண்டை நாடுகின்றனர். அது ஒரு முனையில் சட்டத்தோடும் மறுமுனையில் அச்சோடும் குறுக்காக இணைந்த தண்டு. அதன் குறை, அச்சு மேலும் கீழும் செல்லும்போது தண்டின் முனை வட்டவில்லில் செல்வதால் அச்சு சிறிது பக்கவாட்டில் நகர்வதாகும். 900 மி.மீ. நீளத் தண்டு கிடைநிலையிலிருந்து 75 மி.மீ. உயர்ந்தால் நகர்வு 3 மி.மீ.; தண்டின் நீளம் பாதியானால் நகர்வு இரட்டிக்கும். ஆகவே தண்டு இயன்றவரை நீளமாகவும், ஓடும் உயரத்தில் கிடையாகவும் இருத்தல் வேண்டும்.

இந்த 3 மி.மீ. நகர்வையும் பொறுக்க மாட்டாதவர்கள் வாட் இணைப்பை அமைத்துக்கொள்ளலாம். நீராவி எஞ்சினின் உந்துகோலை நேர்கோட்டில் செலுத்துவதற்காக ஜேம்ஸ் வாட் 1784-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற இணைப்பு அது. தம் யந்திரப் படைப்புகள் யாவற்றிலும் இதனைக் குறித்தே அதிகப் பெருமை கொள்வதாக அவர் முதுமையில் எழுதினார். பிக்கப் வண்டிக்கு அது அவசியமா எனில், இல்லை என்றே கூறலாம்.

வேறொரு வழியும் உண்டு. அதுவும் ஷெவர்லே வண்டியிலிருந்தே வந்தது. 1960-ஆம் ஆண்டில் வெளிவந்த சி-10 பிக்கப் வண்டியில் பட்டைவில்லை விட்டுச் சுருள்வில் வைக்கப்பட்டது. நீண்ட இரு புயங்கள் அச்சிலிருந்து முன்னோக்கி வண்டியின் நடுப்பகுதியை நெருங்கிச் சாய்ந்து சென்றன. பக்கவாட்டுக்கு ஒரு பான்ஹார்டு தண்டு. 1972 வரை இம்முறை நீடித்தது. 1973-இல் வந்த புதிய உருவத்தில் மீண்டும் பட்டைவில் இடம்பெற்றது. ஆனால் அப்புயங்களின் வரலாறு அத்துடன் முடியவில்லை. அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயக் கார்கள் பல பதிற்றாண்டுகளாக இதே அமைப்பையே கையாண்டன. உயர்மட்டப் பந்தயங்களில் 2021-ஆம் ஆண்டின் முடிவு வரையில் அது வழக்கிலிருந்து, 2022-இல்தான் தனித்தனிச் சக்கர அமைப்புக்கு இடமளித்தது. தானிய மூட்டை சுமக்க அமைத்த புயங்கள் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடின! புயம் மிக நீளமாயிருப்பதால், அச்சு எழுந்து தாழும்போது அதன் கோணம் சிறிதே மாறுகிறது. பழைய 3100 வண்டிக்கு இம்முறையைப் பொருத்துபவர், சட்டத்தின் நடுவில் வலுவான குறுக்கு விட்டம் ஒன்றை அமைக்க வேண்டும். அதுவே இதில் பெரிய வேலை.

வில்லின் விறைப்பும் தணிப்பும்

கடையில் வாங்கும் சுருள்வில்லின் விறைப்பு, கம்பியின் விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால் விறைப்பு 46 சதவீதம் கூடிவிடும். கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் இரு வில்கள் வண்டியில் வேறுவிதமாக நடப்பது இதனாலேயே. மேலும், வில்லை நேர்குத்தாக நிறுத்தாமல் சாய்த்து வைத்தால் அதன் பயன் குறையும்: 20 டிகிரி சாய்வில் விறைப்பில் 88 சதவீதமும், 30 டிகிரியில் 75 சதவீதமும், 45 டிகிரியில் பாதியுமே சக்கரத்துக்கு எட்டும். அழகுக்காக மிகவும் சாய்த்து வைத்துவிட்டு, ‘வில் போதவில்லை’ என்று குறை கூறுவோர் பலர்.

ஷாக் அப்ஸார்பரைப் பற்றி ஒரு சொல். பட்டைகளின் உராய்வு இருந்தவரை, பழைய சிறிய ஷாக் அப்ஸார்பர் போதுமானதாயிருந்தது. சுருள்வில்லிலும் காற்றுவில்லிலும் அவ்வுராய்வு இல்லை. பழையதையே மீண்டும் பொருத்தினால் வண்டி தொட்டில்போல் ஆடிக்கொண்டேயிருக்கும். புதிய வில்லுக்கும் எடைக்கும் ஏற்றதைத் தேர்ந்து, அதன் நீட்சி முடியும் முன்னும், சுருக்கம் முடியும் முன்னும் வேறு தடை வேலை செய்யும்படி அமைக்க வேண்டும். ஷாக் அப்ஸார்பரே தடையாக வேலை செய்யலாகாது.

சட்டத்தை வெட்டுதல்

வண்டியைத் தாழ்த்தும்போது அச்சுக்குழாய் சட்டத்தின் அடிப்பாகத்தை நெருங்கும். அதற்கு இடங்கொடுக்கச் சட்டத்தில் அரைவட்டமாக ஒரு பகுதியை வெட்டி எடுப்பது வழக்கம். இவ்வேலை முழுவதிலும் மிகுந்த கவனத்துக்குரிய கட்டம் இதுவேயாகும்.

சட்டத்தின் பக்கக் கை, பகரம்போல் மூன்று பக்கமுடைய இரும்பு. சுமையால் வளையும்போது அதிகமான தகைவு மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஏற்படும். நடுவில் மிகக் குறைவு. அரைவட்டம் வெட்டுபவர் கீழ் விளிம்பையே முற்றிலும் அறுத்தெறிகிறார். எஞ்சும் நடுத்தகட்டின் வளைவு வலிமையோ அதன் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: 150 மி.மீ. உயரம் 100 ஆனால், அத்தகட்டின் வலிமை பாதிக்கும் கீழே, 44 சதவீதமாகிவிடும். அறுத்த விளிம்பை வளைவைத் தொடர்ந்தே தடித்த தகட்டால் மீண்டும் கட்டி, இரு பக்கத்திலும் நீண்டு செல்லும் பொருத்துத் தகடும் வைத்தாலொழிய இழந்த வலிமை திரும்பாது. அப்பொருத்துத் தகட்டின் முனைகளைச் செங்குத்தாக வெட்டாமல், மீன் வாய்போல் சாய்த்து வெட்ட வேண்டும். செங்குத்தான பற்றவைப்புக் கோடு ஒன்று சட்டத்தின் குறுக்கே ஓடினால், களைப்புற்ற இரும்பு அக்கோட்டிலேயே விரியும். விளிம்புகளில் துளையிடலும் ஆகாது. துளை வேண்டுமாயின் நடுத்தகட்டில் இடுக.

சட்டம் உயர்ந்த இடத்தில் மரப்பலகைத் தட்டும் உயர்ந்தாக வேண்டும். பலகையை அறுக்க மனமின்றி அச்சின் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்வோரும் உளர். அது பலகைக்கு வைத்த மரியாதை, பயணிக்கு வைத்ததன்று.

வேலையின் போக்கு

சட்டத்தைச் சமதளத்தில் தாங்கிகள்மீது மட்டப்படுத்தி நிறுத்திய பின்னரே எதையும் அளக்கத் தொடங்க வேண்டும். சக்கரமும் டயரும் முன்னதாகவே கையிலிருத்தல் நல்லது. ஓடும் உயரம் அவற்றைப் பொறுத்தது. அச்சை அவ்வுயரத்தில் நிறுத்தி, இரு புறத்திலும் முன் அச்சுவரையுள்ள தூரம் சமமா என்று பார்த்து, மூலைக்கு மூலை அளந்து சரிபார்த்தபின், டிபரன்ஷியல் மூக்கின் கோணத்தை நிர்ணயிக்க வேண்டும்.

யூனிவர்சல் மூட்டு சாய்வாகச் சுழலும்போது, ஒரு சுற்றுக்கு இரு முறை வேகம் கூடிக் குறையும். 3 டிகிரிச் சாய்வில் இவ்வேற்றத்தாழ்வு ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குக்கும் குறைவு. 10 டிகிரியிலோ நூற்றில் ஒன்றரைப் பங்கு. முன் மூட்டில் எழும் ஏற்றத்தாழ்வைப் பின் மூட்டு சமன் செய்ய வேண்டுமாயின் இரு கோணங்களும் சமமாக, அதாவது கியர் பெட்டியின் தண்டும் டிபரன்ஷியலின் தண்டும் இணையாக இருத்தல் வேண்டும். பட்டைவில் வண்டியில் வில் நெளிந்து மூக்கு எழும்பும் என்பதற்காக அதை முன்கூட்டியே சற்றுத் தாழ்த்தி வைப்பர். நான்கு தண்டு அமைப்பில் அந்நெளிவு மிகக் குறைவாதலால் அவ்வளவு தாழ்த்த வேண்டுவதில்லை.

பின்னர் கொளுவிகளைப் புள்ளி புள்ளியாக மட்டும் பற்றவைத்து, வில் இல்லாமலே அச்சை அதன் முழு ஓட்டத்துக்கும் ஜாக்கியால் உயர்த்தித் தாழ்த்திப் பார்க்க வேண்டும். ஒரு சக்கரம் மேலும் மற்றது கீழுமாகவும் சோதிக்க வேண்டும். பிரேக்குக் குழாய் இழுபடுகிறதா, உந்துதண்டின் நழுவுமுனை போதிய அளவு உள்ளே இருக்கிறதா, புகைக்குழாயில் எதுவும் தட்டுகிறதா என்பன அப்போதுதான் வெளிப்படும். அச்சைக் கோணலாக்கும்போது தண்டுகள் இறுகிப் பிடித்தால் புஷ் மிகக் கடினமானது என்பது பொருள். எல்லா முனைகளிலும் கடினமான பாலியூரித்தேன் புஷ் வைத்தால், வளைவுதோறும் அச்சுக்கூடே முறுக்கப்பட்டு, கொளுவியின் ஓரத்தில் மயிரிழை விரிசல் தோன்றும். ஒரு முனையிலேனும் மிருதுவான ரப்பரோ, பந்து மூட்டோ வேண்டும்.

முழுப் பற்றவைப்பு கடைசியில் செய்யத்தக்கது. அச்சுக்குழாயை ஒரே மூச்சில் பற்றவைத்தால் உஷ்ணத்தால் அது வாழைப்பழம்போல் வளைந்து, உள்ளேயுள்ள பேரிங்குகளைக் கெடுக்கும். இங்கே ஓர் அங்குலம், மறுபுறத்தில் ஓர் அங்குலம் என மாற்றி மாற்றி, ஆறவிட்டுச் செய்தல் வேண்டும். வார்ப்பிரும்பாலான நடுப்பகுதியில் எஃகுக் கொளுவியைச் சாதாரண முறையில் பற்றவைத்தல் கூடாது. துத்தநாகம் பூசிய தகடு எனில் பூச்சை முதலில் தேய்த்து நீக்குக. அதன் புகை நோய் விளைவிக்கும். பற்றவைப்பில் தேர்ச்சி இல்லாதவர் புள்ளி வைப்பதோடு நிறுத்தி, மிகுதியைத் தேர்ந்த தொழிலாளரிடம் விடுவதில் இழுக்கொன்றுமில்லை.

இந்தியாவில் இத்தகைய வேலையை மேற்கொள்ள விரும்புவோர், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை முதலில் படித்துப் பார்க்க வேண்டும். பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடுமாறு வாகனத்தை மாற்றியமைப்பதை அப்பிரிவு தடுக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. அடிச்சட்டத்தை வெட்டுமுன் பதிவு அதிகாரியைக் கலந்துகொள்வது, வெட்டியபின் கலந்துகொள்வதைவிட எளிது.

புஷ்களை இறுக்கும் போல்ட்டுகளை வண்டி தன் சக்கரங்களின்மேல் நிற்கும்போதுதான் இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து விரைவில் கிழியும். முதல் ஓட்டம் ஆளில்லாத சாலையில், குறைந்த வேகத்தில், பிரேக்கை மெதுவாகவும் பின்னர் அழுத்தமாகவும் போட்டுப் பார்ப்பதாக இருக்கட்டும். நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒவ்வொரு போல்ட்டையும் மீண்டும் முறுக்கிப் பார்த்து, பற்றவைத்த இடங்களைத் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் நோக்குக. கொளுவிகளுக்கு வெளிர் நிறச் சாயம் பூசுவது நல்லது; கறுப்புச் சாயத்தில் விரிசல் தெரியாது, வெளிர் நிறத்திலோ துருவின் மெல்லிய செங்கோடு முதல் நாளே தெரிந்துவிடும்.